தெருவுக்குக் குறுக்கே போன வயர்

எங்கள் வீட்டுக்கு இன்டர்நெட் வந்த கதையை யாராவது கேட்டால், மலையிலிருந்து பேச்சைத் தொடங்குவது என் வழக்கம். நார்த்தாமலைப் பாறைகள் எங்கள் ஊருக்கும் செல்போன் டவருக்கும் நடுவில் நிற்கின்றன, அதனால் சிக்னல் கிடைக்காது, அதனால் இன்னின்ன பாடுபட்டேன் என்று சொல்வேன். கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். மலை மேல் பழியைப் போடுவதில் ஒரு வசதி, அது திருப்பிப் பேசாது. இந்த முறை மலையைத் தாண்டியும் சொல்லிவிடுகிறேன்.

பெங்களூரில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் எனக்கு வேலை. அம்மா இறந்தபின் அப்பா ஊரில் தனியாகச் சோறு பொங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனி சொன்னதும் நானும் மனைவியும் ஊருக்கு வந்துவிட்டோம். ஒரே ஒரு நிபந்தனைதான். மீட்டிங் நடுவில் லைன் போகக் கூடாது. மூன்று தடவை போனால் பெட்டியைக் கட்டிக்கொண்டு பெங்களூருக்கே வந்துவிட வேண்டும் என்று என் மேலதிகாரி சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்துக்கொண்டு சொல்வதையெல்லாம் செய்துவிடுகிற ஆள்.

முதல் மாதம் போன் சிம்மை வைத்தே ஓட்டினேன். மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து மூலையில் மட்டும் இரண்டு கோடு காட்டும். அங்கே ஒரு ஸ்டூல், ஒரு குடை, மடியில் லேப்டாப். தெருவில் போகிறவர்கள், "என்ன தம்பி, வத்தலுக்குக் காவலா?" என்று கேட்டார்கள். இரண்டு நாள் சிரித்தேன், மூன்றாம் நாள் எரிந்து விழுந்தேன். அடுத்து ஒரு பெரிய கம்பெனியின் விற்பனையாளர் வந்தார். வயரே வேண்டாம், மாடியில் ஒரு பெட்டியை மாட்டினால் காற்றிலேயே வந்துவிடும் என்றார். போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி மாடியை அரை மணி நேரம் சுற்றி வந்தார். "மலை மறைக்குது சார்" என்றார். இதை நானே அவருக்குப் போனில் சொல்லியிருந்தேன். காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மிச்சம் இருந்தது கேபிள்காரர். எங்கள் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் வருஷக்கணக்காக டிவி கேபிள் கொடுத்துக்கொண்டிருந்தவர். இப்போது அதே கம்பங்களில் ஃபைபர் வயரையும் கட்டி இன்டர்நெட் கொடுக்கிறார். தெருமுனைக் கம்பம் வரை அவருடைய லைன் வந்திருந்தது. வந்து இடத்தைப் பார்த்தவர், "வேலை ரொம்ப ஈசி சார். நடுவுல ஒரே வீடுதான். அந்த மாடியில ஒரு கொக்கி அடிச்சு, அங்கேருந்து ஒங்க மாடிக்கு இழுத்துட்டா ஒசரமா, பத்திரமா இருக்கும்" என்றார்.

நடுவில் இருந்த அந்த ஒரே வீடு என் பெரியப்பாவுடையது. அப்பாவுடைய உடன்பிறந்த அண்ணன். அவரோடு ஒன்பது வருஷமாக எங்களுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

சண்டையின் காரணத்தைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. பெரியப்பா மாடி எடுத்துக் கட்டியபோது, ஜன்னலுக்கு மேல் போட்ட சன்ஷேடு இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள முடுக்கின் மேல் அரை அடி நீண்டுவிட்டது. முடுக்கு எங்களுடையது என்றார் அப்பா. பொது என்றார் பெரியப்பா. வார்த்தை தடித்து, பேச்சு நின்று, பொங்கல் கரும்பு முதல் கல்யாணப் பத்திரிகை வரை எல்லாம் நின்றது. அம்மா இறந்தபோது மட்டும் பெரியப்பா முதல் ஆளாக வந்தார். சாவுக்கு யாரும் அழைக்க மாட்டார்கள், எந்தப் பகையும் பார்க்க மாட்டார்கள், எங்கள் பக்கம் அப்படித்தான். இறந்தவரைக் குளிப்பாட்டப் பங்காளிகள் சேர்ந்து போய்க் குளத்திலிருந்து தண்ணீர் எடுத்துவருவதற்கு நீர்மாலை என்று பெயர். அன்றைக்குக் குடத்தோடு நடந்த எனக்குப் பக்கத்திலேயே பெரியப்பாவும் நடந்து வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. காரியமெல்லாம் முடிந்த மறுநாள் பழையபடி முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

அரை அடி சன்ஷேடு எங்கள் முடுக்கின் மேல் நீண்டதற்குப் பேச்சை முறித்த நாங்கள், அவர் மாடியின் மேல் நாற்பது அடி வயர் இழுத்துக்கொள்ளட்டுமா என்று எந்த வாயால் கேட்பது? அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். மனைவிதான் கேட்டாள், "ஒரு வார்த்தை கேட்டா கொறஞ்சா போயிருவீங்க?" என்று. குறைந்துதான் போவேன் என்று எனக்குத் தோன்றியது. ஊரை விட்டுப் போய்ப் படித்து, சம்பாதித்து, திரும்பி வந்து, முதல் வேலையாக அந்த வாசலில் போய் நிற்பதா என்று இருந்தது.

"நான் வேணா அந்த ஐயாகிட்டக் கேக்கட்டுமா சார்?" என்றார் கேபிள்காரர்.

"வேண்டாம். எதிர்வீட்டுலேருந்து தெருவுக்குக் குறுக்கே நேரா இழுங்க."

"அது ஓட்டு வீடு சார். தாழ்வா வரும். வைக்கோல் வண்டி வந்தா இடிக்கும்."

"பாத்துக்கலாம். இழுங்க."

அந்த ஒரு சொல்லில் என் தேர்வு முடிந்தது. எந்தக் கம்பெனி, எவ்வளவு வேகம், மாசம் எவ்வளவு என்று மனைவியிடம் மூன்று வாரம் அலசிப் பேசியிருந்தேன். கடைசியில் தீர்மானித்தது அதில் எதுவுமே இல்லை, என் வீம்புதான்.

வயர் வந்ததும் மாடியறையில் மேஜை போட்டேன். தெருப்பக்க ஜன்னலுக்குக் கனமான திரை, காதில் ஹெட்போன். நன்றாக ஓடியது. பத்தாவது நாள் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று வந்து வயரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. மீட்டிங் நடுவில் என் முகம் அப்படியே நின்றுபோனதாகப் பிறகு சொன்னார்கள். படி இறங்கித் தெருவுக்கு ஓடினேன். டிராக்டர்காரருக்கு என்னைவிட இருபது வயது அதிகம் இருக்கும். நான் எதையும் பார்க்கவில்லை. "கண்ணு பொடனியிலயா இருக்கு? இதுலதான்யா எம் பொழப்பே ஓடுது. இன்னும் ரெண்டு தடவ அந்துச்சுன்னா நான் பெங்களூருக்குத்தான் போகணும், தெரியுமா?" என்று தெருவே கேட்கக் கத்தினேன். அவர் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "தெரியாமப் போச்சுங்க" என்றார். பெரியப்பா தன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும் என்றுதான் எனக்கும் இருந்தது. சொல்லப்போனால் குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன்.

ஃபைபர் அறுந்தால் முடிச்சுப் போட முடியாது, ஒட்டுவதற்குத் தனி மிஷின் வேண்டும். அந்த மிஷின் வேறு ஊரில் இருந்தது, வந்து சேர இரண்டு நாள் ஆயிற்று. ஒட்டி முடித்ததும் மனைவியின் பழைய சேலையில் ஒரு சிவப்புத் துண்டைக் கிழித்து வயரின் நடுவில் கட்டித் தொங்கவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு வருஷம், ஒரு தடவைகூட வயர் அறுபடவில்லை. கரும்பு போயிருக்கிறது, கீற்று போயிருக்கிறது, அடுத்த தை அறுவடைக்கு வைக்கோலும் போயிருக்கிறது. "அன்னைக்குப் போட்ட சத்தத்துல எல்லாவனும் பயந்துட்டான்" என்று மனைவியிடம் பெருமை அடித்துக்கொண்டேன். பெரியப்பா வீட்டுச் சுவரில் ஒரு நீளமான கவட்டைக் கம்பு சாய்ந்திருப்பதைப் போகும்போதும் வரும்போதும் பார்த்திருக்கிறேன். முருங்கைக்காய் பறிப்பதற்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

மாசி மாதம் ஒரு காலையில், விடிந்தும் விடியாமலும் பெரியப்பா இறந்துபோனார். பக்கத்து வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டதும் அப்பா செருப்புகூடப் போடாமல் ஓடினார். பத்து வருஷச் சண்டையை அவர் அந்த நாலு எட்டில் தாண்டிவிட்டார். மனைவியும் பின்னாலேயே போனாள். நான் போகவில்லை.

அன்றைக்கு மதியம் மூன்று மணிக்கு வெளிநாட்டு வாடிக்கையாளரோடு ஒரு முக்கியமான மீட்டிங் இருந்தது உண்மைதான். ஒரு வருஷ வேலையை அன்று ஒப்படைக்க வேண்டும். ஆனால் காலை ஆறு மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட எனக்குத் தெரியும். எந்த முகத்தோடு அந்த வீட்டுக்குள் நுழைவது என்று தெரியாமல்தான் மீட்டிங்கைப் பிடித்துக்கொண்டேன். தயார் செய்ய வேண்டும் என்று மனைவியிடம் சொல்லியனுப்பினேன். ஐந்து மணிக்குத்தான் எடுக்கிறார்கள், நாலு மணிக்குக் குளித்துவிட்டுப் போய் நின்றால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெரியப்பாவுக்கு ஒரே மகன். அந்த அண்ணன் ஒரு மணி வாக்கில் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார், "தம்பி வந்துச்சுன்னா நீர்மாலைக்குக் கெளம்பலாம்" என்று. "இதோ வாரேன்" என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே மூன்று முறை சரிபார்த்த கோப்பை நான்காம் முறை திறந்தேன். எனக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அவர்கள் போய்விட்டார்கள்.

வர வேண்டியவர்கள் சீக்கிரமே வந்துவிட்டதால் மூன்றரைக்கே எடுத்துவிட்டார்கள். நான் பேசிக்கொண்டிருந்தபோது கீழே தப்புச் சத்தமும் வேட்டும் கிளம்பின. ஹெட்போனையும் மீறி மைக்கில் அது போய்விட்டது போலிருக்கிறது. அந்தப் பக்கத்து மேலாளர் அம்மா நல்ல மனுஷி, சிரித்த முகம். "என்ன சத்தம் அது, உங்கள் ஊரில் திருவிழாவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஆமாம், உள்ளூர்த் திருவிழா" என்றேன்.

யாரும் என் வாயைப் பிடுங்கிச் சொல்ல வைக்கவில்லை. இறப்பு என்று சொன்னால் மீட்டிங்கை ஒத்திவைத்திருப்பார்கள், அவ்வளவுதான். நாக்கு தானாகவே புரண்டது. சொன்ன மாத்திரத்தில் என் காது சூடாகிவிட்டது. அந்தச் சூடு இன்றுவரை முழுதாக ஆறவில்லை.

சத்தம் எங்கள் வீட்டு முன்னால் வந்து நின்றுவிட்டது. நகரவில்லை. ஒரு நிமிஷம் என்று சொல்லி மைக்கையும் கேமராவையும் அணைத்துவிட்டுத் திரையை விலக்கிப் பார்த்தேன். பூவால் கோபுரம் கட்டிய பாடை என் வயருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. தூக்கியவர்களின் கழுத்து நரம்பு புடைத்துத் தெரிந்தது. கொள்ளிச்சட்டியோடு முன்னால் அண்ணன், ஈர வேட்டியில். அவருக்குப் பின்னால் அந்தக் கவட்டைக் கம்பைக் கையில் எடுத்துக்கொண்டு என் அப்பா. கம்பின் கவட்டையில் வயரை வாங்கி, எட்டுமட்டும் எக்கித் தூக்கிப் பிடித்தார். அப்படியும் கோபுரம் ஒரு முழம் தட்டியது.

"அறுத்து விடுங்கப்பா. பொணம் போற பாதையில என்ன ஒயரு?" என்று கூட்டத்தில் யாரோ சத்தம் போட்டார்கள். அவர்கள் அறுத்திருக்கலாம். அறுத்திருந்தால் எனக்கு இன்றைக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"வேணாம்யா" என்றார் அண்ணன். "அந்தக் கோபுரத்தப் பிச்சு எடுத்துட்டு, குனிஞ்சு கொண்டு போங்க. தம்பிக்கு மீட்டிங் ஓடிக்கிட்டிருக்கும்."

இரண்டு பேர் கையை நீட்டிப் பூக்கோபுரத்தைப் பிய்த்துக் கீழே போட்டார்கள். தூக்கியவர்கள் முட்டியை மடக்கி, அவ்வளவு பாரத்தோடு, சிவப்புத் துணிக்கு அடியில் குனிந்து போனார்கள். அப்பா கம்பைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார். பத்து வருஷம் பேசாத தன் அண்ணன் முன்னால் கடந்து போகும்வரை அவர் கை இறங்கவில்லை. மேலே என் ஜன்னலை அவர் பார்க்கவேயில்லை. ஒரு செவ்வந்திச் சரம் வயரில் மாட்டி அங்கேயே தொங்கியது.

நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். திரையை இழுத்து மூடினேன். கேமராவைப் போட்டேன். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். இன்னும் இருபது நிமிஷம் பேசினேன், நன்றாகவே பேசினேன்.

சுடுகாட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது தீ வைத்து முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அப்பா எதிரில் வந்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் தேவலை என்று இருந்தது. "மீட்டிங் முடிஞ்சுருச்சா?" என்று மட்டும் கேட்டார். முடிந்துவிட்டது என்றேன். சரி என்று நடந்தார்.

மறுநாள் காடாற்று, எலும்பும் சாம்பலும் அள்ளுகிற சடங்கு. குளத்தங்கரையில் எல்லாப் பங்காளிகளும் மொட்டை போட உட்கார்ந்திருந்தோம். எனக்கும் அவர் அப்பா முறைதான். அண்ணனுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது, அங்கே போய் உட்கார்ந்தேன். தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணே, அந்த ஒயரு..." என்று ஆரம்பித்தேன். 

"ஒயருக்கு ஒண்ணும் ஆகலையில்ல?" என்றார் அவர், நிஜமான அக்கறையோடு.

"இல்லண்ணே. அப்பாகிட்டக் கம்பு இருந்ததால..."

"அது எங்கப்பா வெட்டுனதுடா" என்றார். "நீ அந்த டிராக்டர்காரனப் பேசுனேல்ல, மறுநாளே வேலிப்பக்கம் போயி வெட்டிக்கிட்டு வந்துச்சு. வண்டி கிண்டி ஒசரமா வந்தா எந்திரிச்சுப் போயி ஒயரத் தூக்கி விட்டுட்டு வந்து உக்காரும். வைக்கோல் அடிக்கிற மாசம் பூராம் வாசலவிட்டு நகரவே நகராது. முட்டி வலிக்குதுன்னு சொல்லும், வண்டிச் சத்தம் கேட்டாக் கம்ப எடுத்துக்கிட்டு ஓடிரும். பேசாத வீட்டு ஒயருக்கு ஏம்ப்பா இந்தப் பாடுன்னு கேட்டேன்."

சவரக்காரர் என் தலையில் தண்ணீர் தெளித்துத் தேய்த்தார். 

"அந்து போச்சுன்னா அவன் பெங்களூருக்குப் போயிருவான், அப்பறம் என் தம்பியில்ல தனியாச் சோறு பொங்கித் திங்கணும்னுச்சு."

கத்தி தலையில் ஓடிக்கொண்டிருந்ததால் நான் அசைய முடியவில்லை. கண்ணில் வழிந்ததைத் தலையில் தெளித்த தண்ணீர் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டிருக்கலாம். அண்ணன் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. தன் துண்டை என் மடியில் போட்டார். என் சத்தத்துக்கும் என் சிவப்புத் துணிக்கும் பயந்துதான் ஒரு வருஷம் ஊர் வயரைத் தொடாமல் இருந்தது என்று நம்பியிருந்தேனே, அதை நினைத்து உடம்பு கூசியது. திரைக்கும் ஹெட்போனுக்கும் பின்னால் நான் உட்கார்ந்திருந்தபோது, அடிக்கடி என் ஜன்னலுக்கு நேர் கீழே அவர் கையை உயர்த்தி நின்றிருக்கிறார். ஒருநாள் எழுந்து திரையை விலக்கியிருந்தால் பார்த்திருப்பேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அண்ணனிடம் கேட்டேன், "மாடியில ஒரு கொக்கி அடிச்சுக்கவாண்ணே?" என்று.

"அடிச்சுக்க. இதெல்லாமா கேப்பாங்க" என்றார்.

கேபிள்காரர் வந்து ஒரு மணி நேரத்தில் வயரை மாடி வழியாக மாற்றிக் கட்டினார். அந்த ஒரு மணி நேர வேலையை யாரும் தடுக்கவில்லை, முன்பே கேட்டிருந்தாலும் தடுத்திருக்க மாட்டார்கள். பழைய வயரைச் சுருட்டும்போது காய்ந்துபோன செவ்வந்திச் சரம் அதிலேயே இருந்தது. என்னிடம் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். கம்பை அப்பா எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டுக்கொட்டகையில் வைத்துக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அடுத்த வாரம் அதே வாடிக்கையாளரோடு மீட்டிங். இடையில் நடந்த ஒன்றிரண்டு மீட்டிங்கிலும் கேமராவை அணைத்தே வைத்திருந்தேன். அன்று போட்டேன். மேலாளர் அம்மா என் மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஓ, அந்தத் திருவிழாவுக்காகவா?" என்றார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், அந்தச் சொல் வாய் வரைக்கும் வந்துவிட்டது. "அது திருவிழா இல்லை" என்றேன். "என் பெரியப்பா இறந்துபோனார். அன்றைக்கு நீங்கள் கேட்ட சத்தம், எங்கள் வீட்டு வழியாக அவரைத் தூக்கிக்கொண்டு போன சத்தம்."

 அவர் புரியாமல் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டார்: "அப்படியென்றால், அந்த நேரத்தில் நீங்கள் எங்களோடா பேசிக்கொண்டிருந்தீர்கள்?"

"ஆமாம்" என்றேன். லைன் அருமையாக இருந்தது. படம் ஒரு நொடிகூட நிற்கவில்லை, அவர் முகம் மாறியதை முழுதாகப் பார்த்தேன்.